மேல் கோடு

“பாட்டில்தான் நிறைஞ்சிருக்கே மேடம், இன்னும் என்னத்தைப் பார்க்கச் சொல்றீங்க?”

காலையிலிருந்து கோமதிநாயகம் இதையே மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயது. பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் ஸ்பானர் பிடித்த கை. வீட்டில் சும்மா உட்கார முடியாமல், ஊருக்கு வெளியே இருந்த விமானப் பயிற்சி கிளப்பில் ரெஜினாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார். ரெஜினாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அது ஒன்றுதான் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

ரெஜினா கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க மனசில்லை. நேற்று முழுக்க இரண்டு பேரும் நின்றபடியே வேலை பார்த்தவர்கள். சின்ன விமானம், இரண்டு பேர் உட்காரும் வண்டி. அதன் எஞ்சினைக் குளிர்விக்கும் பழைய கூலண்ட் திரவத்தை வடித்து, உள்ளே கழுவி, எஞ்சினிலும் அதோடு குழாயில் இணைந்த பாட்டிலிலும் ரோஸ் நிறத்தில் புதிது ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்திவிட்டு வீடு போய்ச் சேர்ந்தபோது இடுப்பு கழன்றுவிட்டது.

விமானம் நின்ற ஹேங்கர் கொட்டகைக்கு வெளியே நிஷாந்தினி நின்றிருந்தாள். பத்தொன்பது வயது. இன்று முதல் தடவையாகத் தனியாகப் பறக்கப் போகிறாள். சோதனைத் தாளில் ‘கூலண்ட் சரி’ என்று கோமதிநாயகம் கையெழுத்தும் போட்டாயிற்று. இங்கே அவர் போடும் முதல் கையெழுத்து. கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தார்.

“எத்தனை தடவைதான் பார்க்கறது மேடம்? எப்பத்தான் போதும்னு விடறது?”

ரெஜினா கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

“அண்ணே, நேத்து பாட்டில்ல எதுவரைக்கும் ஊத்தினீங்க?”

“பாதிக்கு.”

“இப்ப?”

“மேல் கோட்டுக்கே வந்திருக்கு.” குரலில் பெருமை.

“நல்லது. ராத்திரி யார் வந்து ஊத்தினா?”

“யாரும் வரலை. சாவி என்கிட்டதானே இருந்துச்சு.”

“அப்போ குட்டி போட்டிருக்கும்.”

கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“பஸ்ஸுல பாட்டிலைப் பார்த்தாலே போதும் மேடம்.”

“பஸ் சூடானா ஓரமா நிறுத்தலாம்.”

அதற்குமேல் அவள் விளக்கவில்லை. வானத்தைக் காட்டவும் இல்லை. கையைத் தூக்கத் தெம்பில்லை.

“எஞ்சின் ஆறித்தானே இருக்கு? அது மேல இருக்கிற மூடியைத் திறங்க.”

திறந்தார்.

“விரலை விடுங்க.”

முதல் கணு போனது. இரண்டாம் கணுவும் போனது. விரலை வெளியே எடுத்து, பழக்க தோஷத்தில் பேண்ட்டில் துடைத்தார். துடைக்க ஒன்றுமே இல்லை.

ரெஜினா கை நீட்டினாள். மூடியை வாங்கித் திருப்பினாள். அடியில் இருந்த ரப்பர் வளையத்தில் மயிரிழைக் கீறல்.

“நேத்து இதைத் துடைச்சுத்தான் மாட்டினேன் மேடம்.”

“தெரியுது. மேல் பக்கம் கண்ணாடியாட்டம் இருக்கு.”

“அப்ப உள்ள இருந்தது...”

“சூடானா எஞ்சின் பாட்டிலுக்குத் தள்ளும். ஆறினதும் அங்கேருந்து திரும்ப இழுத்துக்கணும். இது ராத்திரியெல்லாம் கீறல் வழியா காத்தை இழுத்திருக்கு. எஞ்சினுக்குச் சேர வேண்டியது பாட்டில்ல உட்கார்ந்திருக்கு.”

அவர் பாட்டிலைப் பார்த்தார். ரோஸ் நிறத்தில், மேல் கோட்டில், அழகாகத்தான் இருந்தது.

“அங்கிள், கிளம்பலாமா?” வெளியிலிருந்து நிஷாந்தினி கூப்பிட்டாள். “அப்பா, அம்மா, சித்தி எல்லாரும் வந்து வாசல் கேட் பக்கத்துல நிக்கிறாங்க.”

கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னிக்கு முடியாதுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்.”

“கையெழுத்து யாரோடது?”

அவர் சோதனைத் தாளைத் திரும்பிப் பார்த்தார்.

ரெஜினா மூடியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். கோபமில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

“போய், பாட்டில் நிறைஞ்சிருந்துச்சு, எஞ்சின்லதான் இல்லைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்கண்ணே.”

கோமதிநாயகம் மூடியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.