இருபது பாட்டுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

பொன்மலையில் மேல்நாட்டு இசைக்குத் தீர்ப்பு சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார். செசிலியா மிஸ். முதலில் கான்வென்டில் பாட்டு சொல்லிக்கொடுத்தார். பிறகு பதினாறு வருடமாக ஒரு மாதப் பத்திரிகையில் இசைத்தட்டு விமர்சனம் எழுதினார். அவர் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் ஜனம் வாங்கும். அவர் கைவிட்ட தட்டின் மேல் கடைக்காரர் டீ கிளாஸை வைத்துக்கொள்வார்.

மிஸ்ஸுக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் தனிஸ்லாஸ். சீடர் என்றதும் அரும்பு மீசையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தொன்பது, மிஸ்ஸைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். இருந்தாலும் ஊரோடு சேர்ந்து அவரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். ஓய்வு பெற்ற மறுவாரமே வந்து நின்றார்.

"எனக்கும் விமர்சனம் எழுதக் கத்துக்கொடுங்க மிஸ்."

"ரிட்டயர் ஆனவங்க தோட்டம் போடுவாங்க."

"தோட்டம் பாடாதே மிஸ்."

அந்தப் பதிலுக்காகத்தான் தன்னை உள்ளே விட்டார் என்று தனிஸ்லாஸ் நம்பிக்கொண்டிருந்தார். மிஸ் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு வருடம் ஓடியது. தட்டுகளைத் துடைத்தார். அகரவரிசையில் அடுக்கினார். நாற்பது விமர்சனம் எழுதினார். நாற்பதையும் மிஸ் பொறுமையாகப் படித்தார், நாலாக மடித்தார், அலமாரியின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தார். அலமாரி இப்போது ஆடுவதில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம் டிசம்பர் முதல் திங்கட்கிழமை, மிஸ் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு முன்னுரை பழக்கமில்லை.

"என் இடது காது போயிடுச்சு. வலது காது யோசிச்சுக்கிட்டிருக்கு."

தனிஸ்லாஸ் எழுந்துவிட்டார். "ஐயோ, டாக்டர்..."

"டாக்டரைப் பார்த்தாச்சு. உக்காருங்க. ஒத்தைக் காதை வச்சுக்கிட்டு அடுத்தவங்க பாட்டுக்குத் தீர்ப்பு சொல்றது எனக்குச் சரியாப் படலை. இந்த மாசத்தோட நிறுத்திக்கறேன். பத்திரிகை ஆசிரியர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வர்றார். இனிமே யார் எழுதணும்னு அவர்கிட்ட ஒரு பேர் சொல்லணும். பேர் இல்லைன்னா அந்தப் பகுதியையே மூடிடுவார்."

தனிஸ்லாஸ் முப்பத்தாறு வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி ஆட்டியவர். முன்னால் போகிற எஞ்சினை யாரும் பார்ப்பார்கள், கடைசியில் நிற்கிற கார்டை யார் பார்க்கிறார்கள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அச்சில் தன் பெயர் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் மட்டும் இல்லை.

மிஸ் ஒரு சிடியை மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு எழுதுங்க. அச்சுக்குப் போற மாதிரி இருந்தா, உங்க பேரைச் சொல்றேன்."

அட்டையைப் பார்த்ததும் தனிஸ்லாஸின் முகத்தில் பல்ப் எரிந்தது. 'லோனி மெரிக்: தலைசிறந்த இருபது பாட்டு.' ராக் அண்ட் ரோல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்துப் பாடகர். தனிஸ்லாஸுக்கு இருபது வயதில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமை நடனம் என்றால் லோனி மெரிக்தான். அதிலும் 'டோரின்' என்ற பாட்டைப் போட்டுவிட்டால், மூலையில் உட்கார்ந்திருந்த மாமிகள்கூட நாற்காலியை நகர்த்தி இடம் விடுவார்கள்.

"மிஸ், இது எனக்குப் பரீட்சையே இல்லை. இருபதும் மனப்பாடம்."

"அது தெரியும்" என்றார் மிஸ்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பக்கத்தோடு வந்தார். மிஸ் படித்தார். குரல் மின்னல் என்றிருந்தது. அடுத்த வரியில் தேன் என்றிருந்தது. 'டோரின்' பாட்டின் முதல் இரண்டு வரியையும் பாடகர் மூச்சே விடாமல் பாடுகிறார், கடைசிச் சொல்லை சிக்னல் கை தூக்குவது போல ஜிவ்வென்று மேலே ஏற்றுகிறார் என்றிருந்தது. முடிவில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். ஆறாவதும் ஒன்று போட்டு அடித்திருந்தது தெரிந்தது.

"எங்க உக்காந்து கேட்டீங்க?"

"வீட்டு ஹால்லதான்."

"கேட்கறப்ப என்ன செஞ்சீங்க?"

"கூடவே பாடினேன். இந்தப் பாட்டுக்குப் பாடாம எப்படி மிஸ் இருக்கறது? டெல்பின்கூட அடுப்படியிலேருந்து குரல் கொடுத்தா."

டெல்பின் அவருடைய மனைவி.

"அவங்களும் பாடினாங்களா?"

"இல்லை. நிறுத்துங்கன்னு சொன்னா."

மிஸ் காகிதங்களை மேசையில் வைத்தார்.

"கார்டு சார், வண்டி ஓடிக்கிட்டிருக்கறப்ப ஏதோ ஒரு சக்கரத்துல கோளாறுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இது அவருடைய பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தம் மாறும் மிஸ். தடக் தடக்குன்னு வர்றதுக்கு நடுவுல ஒரு தட்டு கூட விழும். காது பழகியிருக்கணும்."

"அப்ப நீங்களும் கூடவே தடக் தடக்குன்னு சொல்லிக்கிட்டே வருவீங்களா?"

தனிஸ்லாஸ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மிஸ் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஒரு வாய் எடுத்துக்குங்க. முழுங்கக் கூடாது. துப்பக் கூடாது."

"எவ்வளவு நேரம் மிஸ்?"

"இருபது பாட்டு."

அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கிறவர்களுக்குப் பல்வலி என்று தோன்றும். மிஸ் சிடியைப் போட்டுவிட்டு, அவர் பக்கமே திரும்பாமல் பட்டாணி உரிக்க ஆரம்பித்தார்.

முதல் பாட்டில் தண்ணீர் இரண்டு முறை வெளியே வரப் பார்த்தது. உதடு தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டார். இரண்டாவது பாட்டில் காலை அடக்குவதிலேயே பொழுது போனது. மூன்றாவதில், செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், கேட்டார்.

குரல் வேறாக இருந்தது.

கனத்த குரல். அடியில் சரளைக்கல் கிடந்தது. தாளம் முன்னால் போக, குரல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. டிரம் சத்தம் கடையில் அன்றைக்குத்தான் வாங்கிய எவர்சில்வர் மாதிரிப் பளபளத்தது. 'டோரின்' ஏழாவதாக வந்தது. முதல் வரியின் நடுவில் மனிதர் மூச்சு வாங்கினார். இரண்டாவது வரியில் மறுபடியும். கடைசிச் சொல்லில் அவர் ஏறவே இல்லை. பின்பாட்டுப் பெண்கள்தான் ஏறினார்கள்.

தனிஸ்லாஸ் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார். திரும்பி வந்து சிடி அட்டையை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையை மூக்கோடு வைத்து, பின்பக்கத்து எறும்பு எழுத்தைப் படித்தார். இருபது பாட்டையும் பாடகர் தம்முடைய ஐம்பத்திரண்டாவது வயதில் வேறொரு கம்பெனிக்காக மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார் என்று அங்கே போட்டிருந்தது. முன்பக்கத்தில் இருந்தது என்னவோ, சுருள் முடியோடு இருபத்தொரு வயதுப் பையனின் படம்.

"ஏமாத்து வேலை மிஸ்!"

"இன்னும் பதிமூணு பாட்டு இருக்கு. தண்ணி வேணுமா?"

அவர் நிற்கவில்லை. சிடியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, கோபமும் தானுமாக வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை முழுவதும் எழுதினார். டெல்பின் காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அதான் நேத்தே எழுதிக் கொடுத்தீங்களே. இது என்ன?"

"இது உண்மை."

"அப்ப நேத்து எழுதினது?"

"அது தெரியாம எழுதினது. இது அவன் இல்லை டெல்பின். கிழவனாகி மறுபடி பாடியிருக்கான். நம்மை முட்டாளாக்கியிருக்கான்."

"கிழவனானா பாடக் கூடாதா? நீங்க பாடறீங்களே, நான் சகிச்சுக்கலையா?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். வாயில தண்ணியை ஊத்தி உக்கார வச்சாங்களாமே. முப்பத்திரண்டு வருஷமா எனக்கு இது தோணலை பாருங்க. மிஸ்ஸுக்கு ஒரு பிளம் கேக் செஞ்சு அனுப்பணும்."

வியாழக்கிழமை ஒன்பது பக்கம். மோசடி என்ற சொல் பதினாறு இடத்தில் வந்தது. பாடகர், கம்பெனி, அட்டைக்குப் படம் தேர்ந்தெடுத்தவர், ஒருவரையும் தனிஸ்லாஸ் விடவில்லை. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. மிஸ் கடைசி வரை படித்தார்.

"இதுல என்னென்ன இல்லைன்னு ஒன்பது பக்கம் எழுதியிருக்கீங்க. இருக்கறது என்ன?"

"பழசு மாதிரி இல்லை மிஸ். அதைச் சொல்ல வேண்டாமா? வாங்கறவன் ஏமாந்து போவானே?"

"கட்டாயம் சொல்லணும். மறுபடி பாடினதுன்னு ஒரே வரியில சொல்லலாம். அது சரி, பழசு எப்படி இருக்கும்?"

"அதான் எழுதியிருந்தேனே. ரெண்டு வரிக்கும் மூச்சே விடமாட்டான். கடைசியில அப்படியே மேலே போவான். கண்ணாடி மாதிரி."

"கடைசியா எப்பக் கேட்டீங்க?"

தனிஸ்லாஸ் யோசித்தார். இன்ஸ்டிட்யூட்டில் இருந்த ரிக்கார்டு அறுபத்திரண்டிலேயே உடைந்துபோனது. ஒரு டிக்கெட் பரிசோதகர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்துநாலு வருஷம் ஆகுது. ஆனா தினமும் ஓடிக்கிட்டுதான் இருக்கு மிஸ். ஷேவ் பண்றப்ப, குளிக்கறப்ப. டியூட்டியில ராத்திரி பகல்னு எத்தனை ஸ்டேஷன் தாண்டியிருக்கேன் அந்தப் பாட்டோட. ஒரு சுதி பிசகினதில்லை."

"என்கிட்ட அந்த ரிக்கார்டு இருக்கு" என்றார் மிஸ்.

"இருக்கா! ஒரு வருஷமா நான்தான் அலமாரியை அடுக்கறேன், என் கண்ணுல படலையே?"

"கட்டிலுக்கு அடியில இருக்கற பெட்டியை நீங்க அடுக்கலையே. நாளைக்கு மூணு மணிக்கு வாங்க."

அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தார். நாளைக்குப் பழைய ரிக்கார்டு பேசும். மின்னலும் தேனும் பொய்யில்லை என்று மிஸ்ஸே ஒப்புக்கொள்வார். பதினாறு மோசடியும் அச்சில் ஏறும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். மிஸ் பழுப்புக் காகித உறையிலிருந்து கறுப்புத் தட்டை எடுத்து, ஓரத்தைப் பிடித்து, ஊதி, சுழலவிட்டார். தம்முடைய நாற்காலியை வலது காது ஒலிபெருக்கியைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டார். தனிஸ்லாஸ் யாரும் சொல்லாமலே ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும். பிறகு ஒரு பையன் பாடினான்.

மெல்லிய குரல். நினைத்ததைவிட மெலிது. பையனுக்கு அவசரம், யாரோ கதவைத் தட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போல. முதல் வரியின் நடுவில் மூச்சு வாங்கினான். இரண்டாவது வரியில் மறுபடியும். கடைசிச் சொல்லில் மேலே ஏறினான். உச்சிக்குப் போனதும் குரல் கீறிக்கொண்டு உடைந்தது. சாக்ஸபோன் ஓடிவந்து அதை மூடியது.

தனிஸ்லாஸ் விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு தடவை. மிஸ் போட்டார். அதே இடத்தில் மூச்சு. அதே இடத்தில் கீறல். மூன்றாவது தடவையும் கேட்டார். தட்டு மாறவில்லை.

பிறகு தன் சட்டைப்பையிலிருந்து சிடியை எடுத்து நீட்டினார். ஏழு என்று விரலால் காட்டினார். இரு கையும் வேண்டியிருந்தது.

ஐம்பத்திரண்டு வயது மனிதர் பாடினார். முதல் வரியில், பையன் மூச்சு வாங்கிய அதே சொல்லுக்குப் பின்னால் மூச்சு வாங்கினார். இரண்டாவது வரியிலும் அதே இடம். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினார். பெண்கள் மேலே போனார்கள். அவர் அவசரப்படாமல் கீழேயே நின்றுகொண்டு, அவர்கள் இறங்கி வரும் வரைக்கும் விரலால் சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தார். போன முறை அந்தச் சொடக்கு தனிஸ்லாஸின் காதில் விழவே இல்லை.

பாட்டு முடிந்தது. சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டியது. ஒன்பது பக்கமும் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தன. தனிஸ்லாஸ் அவற்றைத் தானே எடுத்து நாலாக மடித்தார். அப்புறம்தான் தண்ணீரை விழுங்கினார். அது தொண்டையில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"மிஸ்."

"ம்."

"ரெண்டு பேருமே மூச்சு வாங்கறாங்க."

"ஆமா."

"அப்ப இத்தனை வருஷமா மூச்சே விடாமப் பாடினது யாரு?"

மிஸ் கறுப்புத் தட்டை உறைக்குள் தள்ளினார்.

"நீங்கதான் கார்டு சார். ஆனா அந்த ரிக்கார்டு எந்தக் கடையிலயும் கிடைக்காது. பேப்பர் எடுங்க, ஆசிரியர் வர நேரமாச்சு. மேலே பாடினவர் பேர், கீழே உங்க பேர். நடுவுல, கிடைக்கறதைப் பத்தி மட்டும் எழுதுங்க."