ஒன்பதாம் கட்டிலின் மூச்சு

ஆபரேஷன் வார்டின் பொறுப்பு ஜெஸிந்தா சிஸ்டருடையது. அவருக்கு வயது முப்பத்து நாலு. அவரிடம் பாடம் கேட்க வந்த தவசிமுத்துவுக்கு நாற்பத்தொன்பது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் நடந்தது.

தவசிமுத்து பதினெட்டு வருஷம் துபாயில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர் உண்டு. நாடி, மூச்சு எல்லாவற்றையும் அதுவே எண்ணிச் சொல்லிவிடும். இங்கே இருபது கட்டிலுக்கும் சேர்த்து ஒரு பி.பி. மெஷின், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கிற கருவி ஒன்று, சுவரில் ஒரு கடிகாரம். மனுஷர் முதல் வாரம் முழுக்கக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல முழித்தார்.

ஜெஸிந்தா சிஸ்டரைப் பற்றி வார்டில் ஒரு பேச்சு இருந்தது. நோயாளிக்கு மோசமாகப் போவதை டாக்டருக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவாராம். "அந்தக் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது" என்று கூட்டிப் பெருக்கும் ஆயா அடித்துச் சொல்வார். தவசிமுத்துவுக்கு அந்த வித்தை வேண்டும். ஒருநாள் காலையில் நேராகவே கேட்டுவிட்டார்.

"மெஷின் இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க சிஸ்டர்? எனக்கும் சொல்லிக் குடுங்க."

சிஸ்டர் இருபது பேருடைய சார்ட்டையும் எடுத்து, சீட்டு பரப்புவது போல மேஜைமேல் பரப்பினார்.

"நேத்து சாயங்காலம் எழுதினது யாரு?"

"நான்தான்."

"மூச்சுக் கட்டத்தை மட்டும் வாசிங்க."

"இருபது. இருபது. இருபது. இருபது..."

ஏழாவது சார்ட்டில் அவர் குரல் கம்மிப் போனது.

"இருபது பேரும் ஒண்ணு போல மூச்சு விட்டிருக்காங்க. பரேடு நடத்தினீங்களா பிரதர்?"

பக்கத்தில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். தவசிமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனசில்லை. நாடியை எண்ணுவார், பி.பி. பார்ப்பார், மூச்சுக் கட்டம் வந்ததும், சுகமாக இருப்பவர் நிமிஷத்துக்கு விடுகிற மூச்சு அவ்வளவுதானே என்று, கை தானாக இருபது போட்டுவிடும். நர்ஸ் வேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிவார்கள். நெளியட்டும்.

சிஸ்டர் எழுந்து கட்டில்கள் பக்கம் போனார். தவசிமுத்து தலை நிமிராமல் சார்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதையே திரும்ப அடுக்கினார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கட்டுப் போடும் அறையிலிருந்து யாரோ சிஸ்டரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் அவர் தவசிமுத்துவிடம் நின்றார்.

"பிரதர், ஒன்பதாம் கட்டிலுக்குப் போங்க. நாடி பாக்குற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாருங்க. முழுசா ஒரு நிமிஷம். மூச்சு எண்ணுறேன்னு சொல்லிராதீங்க, சொன்னா மூச்சு மாறிடும்."

ஒன்பதாம் கட்டிலில் செண்பகராமன் என்ற பஸ் கண்டக்டர். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். மறுநாள் வீட்டுக்குப் போகிறார். அதற்கடுத்த நாள் மகளுக்கு வளைகாப்பு. வார்டிலேயே வாயாடி அவர்தான்.

"வாங்க பிரதர்! நாளைக்கு நமக்கு... விசில் அடிச்சாச்சு. ரைட்டு... போலாம்."

"எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?"

"எனக்கென்ன... ராஜா மாதிரி இருக்கேன்."

தவசிமுத்து கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா என்று இருந்தது. நிமிஷம் முடிந்தபோது கணக்கு முப்பத்து நாலில் நின்றது.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினார். முப்பத்து நாலு. விரலில் கருவியை மாட்டினார், தொண்ணூற்றைந்து காட்டியது, அதுவும் பரவாயில்லை. பி.பி. சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை. நாடி மட்டும் கொஞ்சம் வேகம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: முந்தாநாள் வரை ஒரே மூச்சில் மூணு கதை சொன்ன மனுஷர், இன்று ஒரு வரி முடிக்கவே நடுவில் நிற்கிறார்.

"என்ன பிரதர், உம்முன்னு ஆயிட்டீங்க? எதையாவது கிளப்பி... என் டிஸ்சார்ஜைக் கெடுத்துராதீங்க. மக காத்துக்கிட்டிருப்பா."

தவசிமுத்து சார்ட்டை எடுத்தார். நேற்றே இப்படித்தான் இருந்தாரா? யாருக்குத் தெரியும்? சார்ட்டில் இருபது என்று இருக்கிறது, தன் கையெழுத்திலேயே. இன்றைக்கும் இருபது போட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த எண்ணம் ஒரு கணம் வரத்தான் செய்தது. அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார்.

டாக்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார்.

"நேத்து இருபது. இன்னைக்கு முப்பத்தி நாலா?"

"நேத்து நான் எண்ணல டாக்டர். சும்மா எழுதினேன்."

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்டக்டரின் போர்வையை விலக்கினார். இடது கெண்டைக்கால் லேசாக வீங்கியிருந்தது. அடுத்த நிமிஷம் தள்ளுவண்டி வந்தது, ஸ்கேன் எடுக்கப் போனார்கள்.

காலில் உறைந்த ரத்தத்தில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போயிருந்தது. சின்னதுதான். உடனே ஊசி மருந்து ஆரம்பித்தார்கள்.

"நாளைக்கு இந்த மனுஷனை பஸ் ஏத்தி அனுப்பியிருப்பேன்யா" என்றார் டாக்டர். "பாதி வழியில பெருசா ஒண்ணு போய் அடைச்சிருந்தா அவ்வளவுதான். பொழைச்சார்."

தவசிமுத்து மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பயத்தில் பாதி, நிம்மதியில் பாதி. முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது, கட்டு அறையிலிருந்து திரும்பியிருந்த சிஸ்டர் பத்தாம் கட்டில்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

வளைகாப்புக்குக் கண்டக்டர் போகவில்லை. மகளே கை நிறைய வளையலோடு வார்டுக்கு வந்து நின்றாள். அப்பனுக்கு வாய் மூடவில்லை, நடுவில் ஒரு இடத்திலும் நிற்காமல் பேசித் தீர்த்தார். தவசிமுத்து பக்கத்தில் நின்று எண்ணப் பார்த்தார். இவர் பேச்சை நிறுத்தினால்தானே எண்ண முடியும்! மகள் போன பிறகுதான் எண்ணினார். பதினெட்டு. அதை எழுதும்போது அவருக்கு நெஞ்சு லேசானது.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து கிளம்பும் முன் சிஸ்டரிடம் போனார்.

"எல்லாரும் சொல்றது நிஜம்தான் சிஸ்டர். இருபது கட்டில்ல அந்த ஒரு கட்டிலுக்கு என்னை அனுப்புனீங்களே! அவர் முகத்துல அப்படி என்னத்தைப் பாத்தீங்க?"

"முகத்துல ஒண்ணும் பாக்கல."

"பின்னே எப்படி ஒன்பதுன்னு தெரிஞ்சுது?"

சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நான் எண்ணி முடிச்சிருந்தேன் பிரதர். அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க. அடுத்தது ஒன்பதுதானே?"