பூதன் கையிலிருந்த சங்கிலி வளை

முன்னொரு காலத்தில் கல்லாற்று நாட்டைக் குவளைமாறன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். யானைகள் மெதுவாக நடக்கின்றன என்று ஒருநாள் அவனுக்குச் சலிப்புத் தட்டியது. யானைப்படை வீரர்களில் பாதிப் பேரைக் குதிரைப்படைக்கு மாற்றிவிட்டான்.

மாறியவர்களில் ஒருவன் பூதன். சிவப்புத் தலைப்பாகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குதிரைப்படையின் பச்சைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான். கையிலிருந்த இரும்பு வளையை மட்டும் கழற்றவில்லை. யானைப்படையில் ஒரு வழக்கம் உண்டு. அறுத்துக்கொண்டு ஓடும் யானையைத் தனியாளாக நிறுத்துகிறவனுக்கு, அதன் சங்கிலியிலிருந்தே ஒரு கண்ணியை எடுத்து வளையாகத் தட்டிக் கொடுப்பார்கள்.

குதிரைப்படைத் தளபதி வீரகண்டருக்கு அந்த வளை கண்ணை உறுத்தியது. வீரர்கள் பூதனைச் சுற்றி உட்கார்ந்து யானைக் கதை கேட்டார்கள். தளபதியின் கதைகளை யாரும் கேட்பதில்லை.

அவர் அவையில் புகார் சொன்னார். "அரசே, என் படையில் ஒருவன் யானைப்படைச் சின்னத்தோடு திரிகிறான். இப்படியே விட்டால் நாளைக்குப் படகுக்காரன் துடுப்போடு குதிரை ஏறுவான்."

அரசன் சிரித்தான். "கழற்றச் சொல்லும். மறுத்தால் படையை விட்டே போகட்டும்."

பூதனை அழைத்துவந்து வளையைக் கழற்றச் சொன்னார்கள். "தலைப்பாகை படை கொடுத்தது, மகாராஜா. கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இது நான் உயிரைக் கொடுக்கத் துணிந்து வாங்கியது" என்றான் அவன்.

"யானைப்படையில் வாங்கியதுதானே? அங்கேயே விட்டுவிட்டு வா" என்றார் வீரகண்டர்.

அமைச்சர் கொற்றியம்மை எழுந்தார். "தளபதியார் சொல்வது சரி. வளை இருந்த இடத்துக்கே போகட்டும். அது கரும்பாறை என்ற யானையின் கால் சங்கிலியில் இருந்தது. அந்த இடத்தில் இப்போது கயிறு போட்டு முடிந்திருக்கிறார்கள். தளபதியாரே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வரலாம்."

"பாகனிடம் சொன்னால் போதாதா?"

"பாகனா புகார் சொன்னான்?"

அரசனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. அவையே யானைக் கொட்டாரத்துக்குக் கிளம்பியது. பூதன் வளையைக் கழற்றிக் கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு வீரகண்டர் கரும்பாறையின் காலருகே குனிந்தார். அறிமுகமில்லாத கை பட்டதும் யானை காலை உதறியது. கயிறு அறுந்தது. வளையைப் போட்டுவிட்டு அவர் வைக்கோல் போரின் உச்சிக்கு ஏறிவிட்டார். அரசன் உட்பட எல்லோரும் மதிலுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

பூதன் மட்டும் எதிரே நடந்தான். ஏதோ பேசினான், காதைப் பிடித்தான். கரும்பாறை நின்றது.

மதிலுக்குப் பின்னாலிருந்து கொற்றியம்மை கேட்டார். "அரசே, இவன் இப்போது எந்தப் படை?"

"குதிரைப்படை. பச்சைத் தலைப்பாகை தெரியவில்லையா?"

"தெரிகிறது. படை மாறும்போது துணிச்சல் அவனோடேயே வந்துவிட்டதே, வளை மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?"

அரசன் வெளியே வந்து ஆணையிட்டான். "படை கொடுத்த உடுப்பு படைக்கு. செய்து பெற்ற சின்னம் செய்தவனுக்கு. எந்தப் படைக்குப் போனாலும் அணியலாம். பூதனுக்கு என் லாயத்திலிருந்து ஒரு குதிரை கொடுங்கள். வீரகண்டரே, இறங்கி வந்து அந்த வளையை அவன் கையில் நீரே போடும்."

மீசையில் வைக்கோலோடு வந்து அவர் போட்டுவிட்டார்.

அரசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அழகாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒன்று தட்டச் சொல்லுங்கள்."

"தட்டலாம்" என்றார் கொற்றியம்மை. "கரும்பாறையை மறுபடி அவிழ்த்துவிடச் சொல்லட்டுமா?"

சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று சொல்லி அரசன் அரண்மனைப் பக்கம் திரும்பினான்.