மணிக்கயிறு பிடித்த ஏசுவடியான்

உயிரோடு நன்றாக இருந்த ஒரு மனிதரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தே சாகடித்தவன் நான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆராதனைக்கு ஊரைக் கூப்பிடத்தான் கயிற்றைப் பிடித்தேன். எங்கள் கோயிலில் ஆராதனை மணி விடாமல் ஒலிக்க வேண்டும். ஓர் அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி என்றால் ஊரில் சாவு என்று பொருள். சைக்கிள் கடையில் காற்றடித்துப் பழகிய கை, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்துவிட்டேன். கயிறோ பிணம்போல் கனத்தது. ஓர் இழுப்பு இழுப்பேன், நின்று மூச்சு வாங்குவேன், மறுபடி இழுப்பேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், கோயிலுக்கு ஒரு குஞ்சும் வரவில்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஏசுவடியான் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் அவர் வீட்டுக்கு என்பது புரிய, அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செம்மண் தேரி மணல்மேடுகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் இரட்டைப்பனைவிளையில் ஏசுவடியான் கோயில்குட்டியாக ஊழியம் செய்துவந்தார். கோயிலைப் பெருக்குவதும் பாய் விரிப்பதும் விளக்குத் துடைப்பதும் மணி அடிப்பதும் அவர் வேலை. அதற்கு முன்னே பனையேறினார். ஒருநாள் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபோது, கூடவே பனையேறிய சிநேகிதர் தங்கையா அவரை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடினார். உயிர் தப்பியது. இடது கால் மட்டும் அன்றிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தது.

அந்தக் காலோடு மணிக்கூண்டின் படியேற முடியாது. ஆகவே, தாம் தினமும் அடிக்கிற மணியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. டீக்கடையில் பையன்கள் சீண்டுவார்கள்.

"என்னவே கோயில்குட்டி, இவ்வளவு ஊழியம் பண்ணுதீரு, ஆண்டவரு உம்ம நொண்டிக் கால பாக்கலியோ?"

"பாக்காம என்ன? நான் படியேறாண்டாம்னுதான் கயித்த இம்புட்டு நீளமா விட்டிருக்காரு."

விடியுமுன் கயிற்றைத் தொட்டு அவர் செய்கிற ஜெபம் ஊருக்கே மனப்பாடம். "ஆண்டவரே, நான் கூப்பிடுதேன். நீரு கொண்டுவாரும்." அவ்வளவுதான். எங்கள் போதகர் ஐயருடைய ஜெபத்தை நின்றுகொண்டு கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பேராயர் வந்திருந்தார். விடியற்காலை ஆராதனை, அதன்பின் ஊருக்கெல்லாம் அசனச் சாப்பாடு. சமையல் பொறுப்பு தங்கையாவுக்கு. அவர் அப்போது கோயில் கமிட்டியில் பெரிய ஆளாகிவிட்டிருந்தார். அசனத்துக்கான அண்டாக்கள், மணிக்கயிறு தொங்கும் மணிக்கூண்டின் கீழறையில் இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் அவற்றை எடுக்கச் சாவி வாங்கிய தங்கையா, எடுத்தபின் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காய்கறி வாங்க டவுனுக்கு லாரி ஏறிவிட்டார். திரும்பியபோது வெயில் வந்துவிட்டது.

மணி ஒலிக்கவில்லை. மணியை நம்பித் தூங்குகிற ஊர் எங்கள் ஊர். பேராயர் அங்கி மாட்டிக்கொண்டு காலிப் பாய்களைப் பார்த்து நின்றார். ஏசுவடியான் பூட்டிய தேக்குக் கதவைத் தோளால் இடித்துப் பார்த்தார். பிறகு காலை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "கோயிலுக்கு வாங்க, கோயிலுக்கு வாங்க" என்று தொண்டை கட்டுமட்டும் கூப்பிட்டார். போர்வைக்குள்ளிருந்து சிரித்தவர்கள் உண்டு. கோழி கூவுகிறதென்று சொன்னவர்களும் உண்டு.

மறுநாள் பேராயர் முன்னிலையில் கமிட்டி கூடியது. சாவி யாரிடம் இருந்தது என்று ஐயர் கேட்டார். ஏசுவடியான் தங்கையாவைப் பார்த்தார். தம்மைச் சுமந்து ஓடிய மனிதரைத் தாம் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார். தங்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சாவி எப்பவும் கோயில்குட்டி கையிலதான இருக்கும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாய் இறங்கியது. வயசாகிவிட்டது, தூங்கிப்போயிருப்பார், இனி அவர் ஓய்வெடுக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. ஏசுவடியான் எழுந்து, தோளில் கிடந்த விளக்குத் துடைக்கும் துணியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.

அதன்பின் அவர் கோயில் பக்கமே வரவில்லை. தங்கையாமேல் கோபம் என்று ஊர் நினைத்தது. ஏசுவடியானின் மனைவி ஞானப்பூவுக்குத்தான் உண்மை தெரியும். ஒரு நாள் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டே அந்த அம்மாளிடம் அவர் கேட்டாராம்: "தங்கையா மனுசன். பயந்துட்டான். ஆண்டவரும் அங்கதான இருந்தாரு? அவருக்கும் தெரியும்லா சாவி யாருகிட்ட இருந்ததுன்னு? அவரும் சும்மாதான இருந்தாரு?"

அன்றைக்கு அந்த அம்மாளும் கஞ்சி குடிக்கவில்லையாம்.

சந்தேகம் அப்படித்தான் அவருக்குள் நுழைந்தது. இத்தனை காலமும் மேலே ஒருவர் இருக்கிறார் என்று நம்பிக் கூப்பிட்டோமே, அங்கே யாருமே இல்லையோ? வெறும் கயிற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தோமோ? ஆனாலும் மணி அடிக்கிற நேரத்துக்கு விழிப்புத் தட்டிவிடும். எழுந்து இருட்டில் உட்கார்ந்து, "உம்மோட நான் பேசமாட்டேன்" என்று ஆண்டவரிடம் சொல்லுவாராம். மறுநாளும் எழுந்து அதையே சொல்லுவாராம். பேசமாட்டேன் என்பதைத் தினமும் தவறாமல் ஒருவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சண்டை போட்டவர்களிடம் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

புதிய கோயில்குட்டி கிடைக்குமட்டும் மணியை நீர் அடியும் என்று ஐயர் என்னிடம் சொன்னார். பாடகர் குழுவில் என் குரல் கேட்காவிட்டால் நல்லது என்று பலர் முறையிட்டிருந்ததும் காரணமாக இருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஏசுவடியானைப் போய்ப் பார்த்தேன். எப்படி அடிப்பது என்று கேட்டிருக்க வேண்டும். கௌரவம் விடவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"ஏன்வே கோயிலுக்கு வரமாட்டேங்கீரு? ஆண்டவருமேல வருத்தமா?"

அவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்திருந்தது. "மழ வரும்போல இருக்கு. கயிறு நனையாமப் பாத்துக்கிடும்" என்றார்.

"நான் கேட்டதுக்கு இது பதிலா?"

"நனஞ்சா கனக்கும்வே."

ஞானப்பூ உள்ளேயிருந்து, "அண்ணாச்சி, எனக்கே பதில் கெடையாது, ஒங்களுக்கு எங்க?" என்றார். திறந்த மணிக்கூண்டுக்குள்ளும் மழை பெய்தது. கயிற்றின் ஞாபகமே எனக்கு வரவில்லை.

அதனால் நான் அடித்தது சாவு மணியாயிற்று. மனசு ஒடிந்தே ஏசுவடியான் போய்விடுவார் என்று ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நேரே அவர் வீட்டுக்கு ஓடினார்கள். நான் போய்ச் சேரும்போது எல்லாருக்கும் முன்னால் தங்கையா கிடந்தார். கோயிலுக்கென்று உடுத்திய வெள்ளை வேட்டி செம்மண்ணில் புரள, சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தார்.

"என்னப் பெத்த மக்கா, சாவி எங்கிட்டதாம்லே இருந்தது. பேராயரு முன்னால மானம் போயிரும்னு வாயடச்சிப்போச்சி. ஒன்ன நாந்தாம்லே கொன்னுட்டேன்."

ஊரே கேட்டது. ஐயரும் கேட்டார்.

கதவு திறந்தது. வாய் நிறைய பல்பொடியோடு ஏசுவடியான் வெளியே வந்து, ஓரமாய்த் துப்பிவிட்டு, "யாருக்குவே மணி?" என்று கேட்டார்.

மாரில் அடித்த கைகள் அப்படியே நின்றன. ஒரு பெரியம்மா மட்டும் ஆரம்பித்த ஒப்பாரியை நிறுத்த மனமில்லாமல் இன்னும் ஓரடி பாடி முடித்தார். தங்கையா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஏசுவடியான் அவரைப் பார்த்தார். அவர் கண்ணில் மகிழ்ச்சி இல்லை. "எந்திரிடே. மண்ணுல கெடக்காத" என்று மட்டும் சொன்னார். கை கொடுக்கவில்லை. பிறகு ஊரைப் பார்த்து, "மணி அடிச்சது யாரு?" என்றார். எல்லா விரல்களும் என்னைக் காட்டின.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கோயிலுக்கு நடந்தார். ஊர் பின்னாலேயே வந்தது. மணிக்கூண்டில் ஈரக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் கண்ணை மூடி நின்றார். "ஆண்டவரே, நான் கூப்பிடுதேன்" என்றார். மீதிப் பாதி வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது, கிறிஸ்துமஸுக்குக்கூடக் கூடாத கூட்டம் கோயிலுக்குள் இடம்பிடித்துக்கொண்டிருந்தது. கொண்டுவருகிறவர் கொண்டுவந்திருந்தார். வேதத்தில் ஒரு கழுதையைக்கூடப் பேசவைத்தவர் அவர். என்னைப் பயன்படுத்திக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அன்று ஐயர் பிரசங்கத்துக்குமுன் பீடத்தில் நின்று சபையின் சார்பாக ஏசுவடியானிடம் மன்னிப்புக் கேட்டார். மடித்து வைத்த துணி அவர் தோளுக்குத் திரும்பியது. தங்கையா இப்போது தினமும் விடியுமுன் வந்து கோயில் முற்றத்தைப் பெருக்குகிறார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. முதுகில் சுமந்தவர் கீழே போட்டால், அந்தக் காயம் பனையிலிருந்து விழுந்த காயத்தைவிட மெதுவாகத்தான் ஆறும்போலும். அந்தக் காயத்தோடே கயிற்றைப் பிடிக்க வந்தாரே, அதற்காகத்தான் அவரை அடியார் என்று துணிந்து எழுதுகிறேன்.

போன வாரம் மணி அடித்து முடித்து அவர் உட்கார்ந்திருக்கையில், விட்ட கேள்வியை மறுபடி பிடித்தேன்.

"அன்னைக்குக் கமிட்டியில ஆண்டவரு ஏன் சும்மா இருந்தாருன்னு கேட்டீராமே. பதில் கெடச்சுதா? கயிறு, மழன்னு சொல்லாதயும். நேராச் சொல்லும்."

அவர் கயிற்று நுனியைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"கெடைக்கல. சும்மாதான்வே இருந்தாரு. ஆனா எந்திரிச்சிப் போயிரல."