ரோபோ பரிமாறிய பந்தி

அருளம்மையின் மடத்தில் தினமும் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு. பரிமாற ஒரு ரோபோவைச் செய்து கொடுத்தவர் வைரமணி, ஓய்வுபெற்ற இன்ஜினியர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அம்மையின் சீடர். ரோபோ சிந்தாது, சிடுசிடுக்காது, சொன்ன சொல்லை மீறாது. மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரோபோ வந்த நாலாம் நாள், கல் உடைக்கும் செல்லையன் மடத்துப் படியிலேயே மயங்கி விழுந்தான். மூன்று நாளாக அரை வயிறு. ரோபோ ஒரு கரண்டி சோறு வைக்கும். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு "போதும்" என்பான். அது அடுத்த இலைக்குப் போய்விடும். முதல் தடவை போதும் என்றதுமே நம் ஊரில் யாரய்யா கரண்டியை நிறுத்துகிறார்கள்?

ரோபோவைப் பந்தியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் அம்மை. வைரமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு வருட உழைப்பு.

"பொய் சொன்னது அவன். ரோபோ மேல என்னம்மா தப்பு?"

"ஒரு தப்பும் இல்லை. நாளைக்கு நீங்க பரிமாறுங்க. காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க."

மறுநாள் வைரமணி வாளியைத் தூக்கினார். சோற்று வாசனையில் வயிறு கூப்பாடு போட்டது. செல்லையன் இலைக்கு மேல் கையை நீட்டி, "போதும்" என்றான். விரல்கள் விரிந்திருந்தன. கண் வாளியிலேயே இருந்தது. வைரமணி இன்னும் இரண்டு கரண்டி வைத்தார். அவன் கை தானாக விலகியது. பக்கத்தில் அரிசிமண்டிக்காரரும் போதும் என்றார். அவர் விரல்கள் சேர்ந்து இலையை மூடியிருந்தன, கண் வாளிப் பக்கமே வரவில்லை. வைரமணி அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

பந்தி முடிந்ததும் அம்மையிடம் ஓடினார்.

"கண்டுபிடிச்சிட்டேன்மா. விரலையும் கண்ணையும் பார்க்கணும். ஒரு வாரத்துல ரோபோவுக்குச் சொல்லிக் கொடுத்துடுவேன். மறுபடி பந்திக்கு விடுவீங்களா?"

"மூணு நாளும் ரோபோ பக்கத்துலதானே நின்னீங்க. செல்லையன் விரலைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"தெரியலையா?"

வைரமணிக்குக் குரல் இறங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது.

"தெரியலை. நான் சாப்பிட்டுட்டு வந்து நின்னேன்."

அம்மை அவருக்கு ஒரு இலை போட்டு, உட்காரச் சொல்லிச் சோறு வைத்தார். வைரமணி போதும் என்றார். அம்மை இன்னொரு கரண்டி வைத்தார்.

"அதை ஒரு நாள் பட்டினி போட முடிஞ்சா கூட்டிட்டு வாங்க. பந்திக்கு விடலாம்."