எச்சில் விரலும் கண்ணாடி மெஷினும்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு பிழையை 'என்னுடையது, என்னுடையது' என்று மூன்று பேர் இழுத்துப் பிடித்ததைக் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இதைக் கேளுங்கள். தீர்ப்பு உங்கள் பொறுப்பு.

கோயமுத்தூரில் பஸ் டிக்கெட் மெஷின் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கோகிலவாணி வடிவமைப்பாளர். ஏழு வருஷம் அடுத்தவர் வரைந்ததற்குத் திருத்தம் போட்டே கை ஓய்ந்தவள், முதல்முறையாகத் தானே ஒரு மெஷின் வரைந்தாள். அடடா, என்ன அழகு! உள்ளங்கை அகலத்தில் பளபளவென்று கறுப்புக் கண்ணாடி. பட்டன் ஒன்றுகூடக் கிடையாது, தொட்டாலே போதும். கூட வேலை செய்யும் தீனதயாளனும் ஒன்று செய்திருந்தான். தடித்த உடம்பு, ரப்பர் பிடி, பெரிய பெரிய பட்டன்கள்.

"என்ன தீனா, சோப்பு டப்பாவா?" என்று மீட்டிங்கில் முதலில் சிரித்தவள் கோகிலவாணிதான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஏதோ சொல்ல வந்தவன், வாயை மூடிக்கொண்டான்.

நூற்று நாற்பது பஸ் வைத்திருந்த முதலாளி ஒருவர், "ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம். குறை வரலைன்னா ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார். அவரிடம் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டராக இருக்கும் கிட்டுசாமி முன்னால் இரண்டு மெஷினையும் வைத்தார்கள். அவர் கண்ணாடி மெஷினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே இருக்கட்டுங்க" என்றார். கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை.

காலை எட்டரைக்கு உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி பஸ். நிற்க இடமில்லை. கோகிலவாணியும் தீனதயாளனும் நடு சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். கிட்டுசாமிக்கு ஒரு பழக்கம். பேப்பர் டிக்கெட் கிழித்துக் கிழித்து வந்தது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கட்டைவிரல் நாக்கைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். முன்பெல்லாம் கை தன் பாட்டுக்குக் கிழிக்கும், கண் ஏறுகிற ஆளை எண்ணும். இன்று ஈர விரல் பட்டதும் கண்ணாடி மக்கர் பண்ணியது. ஈச்சனாரியை அழுத்தினால் வேறு ஊர் வந்தது. மனுஷன் சட்டையில் துடைப்பார், குனிந்து பார்ப்பார், மறுபடி அழுத்துவார். ஈச்சனாரியில் இரண்டு பெண்கள் பின்படி வழியாக ஏறியபோதும் அவர் குனிந்துதான் இருந்தார்.

கிணத்துக்கடவில் செக்கர் நாச்சிமுத்து ஏறினார். பஸ் ஓரங்கட்டியது. அவர் தலை எண்ண எண்ண, கோகிலவாணியும் கூடவே எண்ணினாள்.

"டிக்கெட் அறுபத்தொண்ணு. ஆளு அறுபத்து மூணு. என்னங்கண்ணா இது?"

"கண்டக்டர் எங்க பக்கமே வரலைங்க" என்றார்கள் அந்தப் பெண்கள்.

கிட்டுசாமியின் முகம் வெளுத்துவிட்டது. டிக்கெட் இல்லாமல் ஒரு ஆள் பிடிபட்டாலும் கண்டக்டரை வீட்டுக்கு அனுப்புவது அந்தப் பஸ் கம்பெனி வழக்கம். பிழை வேறொருவருடையது என்று செக்கர் எழுதினால்தான் தப்பிக்கலாம். மெஷின்மேல் எழுதினாலோ ஆர்டர் போச்சு, கோகிலவாணியின் ஏழு வருஷக் கனவும் போச்சு. அவள் பேசாமல் இருந்தால் போதும், மெஷின் பிழைத்துவிடும்.

"என் பேரையே எழுதுங்க" என்றார் கிட்டுசாமி. "மெஷினை எடுத்தது நான். எச்சில் தொட்டதும் நான்."

தீனதயாளன் விருட்டென்று எழுந்தான். "இல்லைங்க, என் பேரை எழுதுங்க. பத்து நாள் கண்டக்டர்கள்கூட நின்னுட்டே போயிருக்கேன். இந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். சிரிச்சாங்கல்ல, படட்டும்னு சொல்லாம விட்டேன்."

அடப்பாவி! கோகிலவாணிக்கு ஆத்திரம் பொங்கியது. அதற்கு மேலே அவமானம் பொங்கியது. "வரைஞ்சது நான்" என்றாள். "என் பேரை எழுதுங்க."

நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார். "இந்த ரிப்போர்ட்டுல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு."

சொல்லுங்கள், மூவரில் யார் பேரை எழுதுவது நியாயம்?

விடை: கோகிலவாணியின் பேரைத்தான். மேஜைமேல் இருக்கும் பொருளைக் கண்ணால் பார்த்துத்தானே எவரும் எடுப்பார்கள்? இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விடவும் முடியாது. கிட்டுசாமி மேல் குற்றமில்லை. தீனதயாளன் செய்தது துரோகம்தான், மழுப்ப மாட்டேன். ஆனால் அவன் மறைத்ததைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஒரு பஸ் டிக்கெட் போதும். அன்றுவரை அவள் அதை எடுக்கவில்லை. செக்கரும் அவள் பேரைத்தான் எழுதினார். கிட்டுசாமி வேலை தப்பியது, ஆர்டர் போனது. பொள்ளாச்சி ஸ்டாண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்ததுல பட்டன் வெச்சுடறேங்க" என்றாள் அவள். "வைங்க அம்மணி" என்றார் கிட்டுசாமி. "ஆனா அவலட்சணமா மட்டும் பண்ணிப்போடாதீங்க. நாள் பூரா அது என் கையிலதான இருக்கப்போகுது."