அடுப்பில் கோழி

“சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை அம்மா” என்றார் அம்பலவாணர்.

செங்கமலம் கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது நாற்பது. அவளிடம் வைத்தியம் கற்கும் அம்பலவாணருக்கு ஐம்பத்தாறு. நரைத்த பிறகு ஒரு பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று ஊர் கேலி பேசியது. அதே ஊர், வயிறு வலித்தால் அவர் வீட்டுக்குத்தான் ஓடியது.

“யார் கேட்பதில்லை?”

“பாறைக்குடி ஜனங்கள். கல்லுடைக்கிறவர்கள். அதிலும் மூக்காயி என்று ஒருத்தி. அவளுடைய ஐந்து வயதுப் பெண் பேச்சிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்கிறது. மூன்று மாதமாக வெள்ளிக்குவெள்ளி நந்தியாவட்டைச் சாறு விடுகிறேன்.”

“சாப்பாட்டுக்கு என்ன சொன்னீர்கள்?”

“தினம் ஒரு முட்டை. தினம் முருங்கைக்கீரை. சோற்றில் கொஞ்சம் நெய். வாய் வலிக்கச் சொல்கிறேன். மண்டையை மண்டையை ஆட்டுகிறாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இப்போது விழி வறள ஆரம்பித்துவிட்டது. இப்படியே விட்டால் மழைக்காலத்துக்குள் பகல் பார்வையும் போய்விடும்.”

செங்கமலம் கைவேலையை நிறுத்தவில்லை.

“உங்கள் கண் எப்படி இருக்கிறது?”

அவர் சிரித்தார். “எனக்கென்ன அம்மா? நிலா வெளிச்சத்தில் ஏடு படிப்பேன்.”

“நல்லது. மூக்காயி வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

“அடுப்பையா? பிள்ளையை அல்லவா பார்க்க வேண்டும்?”

“பிள்ளையைத்தான் மூன்று மாதமாகப் பார்க்கிறீர்களே.”

*

அம்பலவாணர் காசு தொடாத வைத்தியர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் கோயிலுக்கும் வைத்தியரிடத்துக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சும்மா வாங்கிய மருந்து பலிக்காது என்பார்கள். அதற்காக வீட்டு வாசலில் ஒரு பனையோலைக் கடகம் வைத்திருந்தார். வருகிறவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எதைப் போட்டார்கள் என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை. பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்தார். கடகம் நேரே சமையலறைக்குப் போகும்.

பாறைக்குடிக்கு இரண்டு மைல். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்.

மூக்காயி வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் தழைத்து நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லையில் மரத்தை வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் கீரை கொடுக்காத கொழுப்பைப் பார் என்று முணுமுணுத்தபடி குனிந்து உள்ளே போனார்.

பேச்சி தனியாக உட்கார்ந்து கல்சில்லுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா எங்கே?”

“பாறைக்குப் போயிருக்கு.”

“சாப்பிட்டாயா?”

“காலையில நீச்சத்தண்ணி குடிச்சேன்.”

அம்பலவாணர் அடுப்பைப் பார்த்தார். ஏழை வீட்டு அடுப்பில் பூனை தூங்கும் என்பார்கள். இங்கே சாம்பலைக் குழித்துக்கொண்டு ஒரு கோழி படுத்திருந்தது. அவரைக் கண்டும் அது எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்து சொன்னார். “அடுப்பில் கோழி படுத்திருக்கிறது அம்மா.”

“கோழி எழுந்த பிறகு போய்ப் பாருங்கள்” என்றாள் செங்கமலம்.

*

மறுநாள் பொழுது இறங்கும் நேரத்துக்குப் போனார்.

மூக்காயி அப்போதுதான் பாறையிலிருந்து வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் கல்தூசி. முந்தானையில் அரிசியை முடிந்திருந்தாள். வைத்தியரைக் கண்டதும் பதறிப்போனாள்.

“அய்யா! நீங்க எதுக்குய்யா இம்புட்டுத் தூரம்? சொல்லிவிட்டா நானே வந்திருப்பேனே.”

“நீ உன் வேலையைப் பார். நான் சும்மா வந்தேன்.”

அவள் கோழியை விரட்டிவிட்டு அடுப்பை மூட்டினாள்.

“பகலில் அடுப்பு மூட்டுவதில்லையா?”

“எங்கிட்டுய்யா? விடியமுன்ன பாறைக்குப் போயிருவேன். பொழுது சாயத்தான் கூலி. கூலி வாங்கித்தான் அரிசி. ஒரு வேளை ஆக்கி, மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சா காலைக்கு ஆச்சு.”

“நெய் வாங்கச் சொன்னேனே?”

“பாறையடிக் கடையில அரிசி, மொளகா, பொகையில, கருவாட்டுத்தலை, அம்புட்டுத்தான்யா. நெய்யின்னா சந்தைக்குப் போகணும். சந்தை செவ்வாக்கெழம பகல்ல. அன்னைக்குச் சந்தைக்குப் போனா கூலி இல்ல. கூலி இல்லாம சந்தையில போயி என்னத்த வாங்க?”

அம்பலவாணர் விடவில்லை.

“சரி. கீரைக்குக் காசு வேண்டாம். மரம் உன் கொல்லையிலேயே நிற்கிறது. அதை ஏன் ஆக்கிக் கொடுக்கவில்லை?”

மூக்காயி அவரை வியப்போடு பார்த்தாள்.

“ராத்திரியில கீரை ஆகாதுன்னு நீங்கதானய்யா சொன்னீங்க. வெசம் மாதிரின்னீங்க. எனக்கு அடுப்பு எரியறதே ராத்திரிதான். பிள்ளைக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுன்னு தொடுறதே இல்லய்யா.”

அவர் கொல்லைப்பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார்.

சோறு வெந்தது. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. மூக்காயி தட்டில் போட்டு வைத்தாள். பேச்சி தரையைத் தடவித் தடவி வந்தாள். தட்டு எங்கே இருக்கிறது என்று கை தேடியது. அடுப்பு வெளிச்சத்தில் அம்பலவாணருக்கு எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு பருக்கையும் தெரிந்தது. அந்தப் பிள்ளை, கண்ணால் பார்த்துச் சுடுசோறு தின்றதே இல்லை என்பதும் தெரிந்தது.

தட்டைத் தேடிய கை பக்கத்தில் இருந்த மண்சட்டியில் பட்டது. உள்ளே உமி. உமிக்குள் இரண்டு முட்டைகள். பேச்சி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அத வையிடி” என்றாள் மூக்காயி. “வெள்ளிக்கெழமைக்கு வச்சிருக்கு. அது வைத்தியரய்யாவுக்கு.”

பேச்சி முட்டையை உமிக்குள் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. பழகியிருந்தது.

“வாரத்துக்கு ரெண்டுதான்யா இடும்” என்றாள் மூக்காயி, கொஞ்சம் கூச்சத்தோடு. “பெரிசா ஒண்ணும் கொண்டாந்து போட முடியல. கீரைய வீணாக்குவானேன்னு அதையும் ஒரு கட்டு ஒடிச்சு உங்க கடகத்துல போட்டுருவேன். கண்ணு மருந்தாச்சே. சும்மா வாங்கினா பலிக்காதுல்ல.”

*

மறுநாள் வியாழக்கிழமை. அம்பலவாணர் செங்கமலத்தின் முன் போய் உட்கார்ந்தார்.

“அடுப்பு எரிந்ததா?” என்று அவள் கேட்டாள்.

“எரிந்தது. என் கண் யாருடைய கண் என்று பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளை தின்ன வேண்டியதை மூன்று மாதமாக நான் தின்றிருக்கிறேன்.”

அவள் கல்வத்தை ஒதுக்கி வைத்தாள்.

“இரவில் கீரை ஆகாது என்று சாத்திரம் சொல்கிறதே அம்மா?”

“சாத்திரம் எழுதியவர் வீட்டில் பகலிலும் அடுப்பு எரிந்திருக்கும்.”

“வாசலில் இருக்கிற கடகத்தை இன்றைக்கே தூக்கி எறியப்போகிறேன்.”

“எறிந்தால் மூக்காயி வரமாட்டாள்.”

“பிறகு என்னதான் செய்ய? அந்த முட்டையை நான் எப்படி வாங்குவேன்?”

“வாங்கிக்கொள்ளுங்கள்” என்றாள் செங்கமலம். மறுபடி கல்வத்தை இழுத்து அரைக்கத் தொடங்கினாள்.

*

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அம்பலவாணர் கடகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என்றும் இல்லாத வழக்கமாக அவரே அடுப்பு மூட்டியிருந்தார். மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் பாறைக்குப் பிந்திப் போகிற மூக்காயி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல இரண்டு முட்டையையும் கீரைக்கட்டையும் கடகத்தில் வைத்தாள். அவர் முட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது இரண்டும் வெந்து உரிந்திருந்தன. ஊதி ஊதி ஆற வைத்தார். ஒன்றைப் பிட்டுப் பேச்சியின் வாயில் வைத்தார்.

“அய்யா!” மூக்காயி பதறினாள். “அது உங்களுக்குக் கொண்டாந்ததுய்யா!”

“எனக்குத்தான். நான் வாங்கிக்கொண்டேன். நீ வெறுங்கையோடு வரவில்லை.”

“பெறகு மருந்து?”

“அதைத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.”

பொழுது விடிந்துகொண்டிருந்தது. பேச்சி மெல்வதை நிறுத்திவிட்டு, அவர் கையில் மிச்சமிருந்த மஞ்சள் கருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். இரண்டு முட்டையும் தீரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கீரைக்கட்டை எடுத்து மூக்காயியிடம் கொடுத்தார்.

“இதை இன்று ராத்திரியே ஆக்கிக் கொடு.”

“ராத்திரியிலயா? நீங்கதானய்யா...”

“நான் சொன்னது தப்பு. தினமும் ராத்திரி ஆக்கிக் கொடு. அதோடு, வாரா வாரம் இதே மாதிரி முட்டையைக் கொண்டு வந்து பிள்ளையோடு உட்கார். என் கோழி இடுவதும் இனிமேல் இந்தக் கடகத்துக்குத்தான்.” பிறகு அதட்டலாகக் கேட்டார். “இந்தப் பேச்சையாவது கேட்பாயா?”

மூக்காயிக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீங்க சொன்னத நான் என்னைக்குய்யா கேக்காம இருந்தேன்?”